காலா அசாருக்கு மருந்து தேடத் தொடங்குகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு மாணவி போன் செய்தாள். "அக்கா, வேதியியல் துறையில் 60 சேர்மங்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள். லீஷ்மேனியாவைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?" லீஷ்மேனியாதான் காலா அசார் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி. பிஎச்.டி. சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது அவளுக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். வைத்த பிறகு, இதையே எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படுமே என்று தோன்றியது.

நான் 14 வருடமாக இந்த ஒட்டுண்ணியோடு வேலை செய்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எட்டு வருடம் பீகாரில் இருந்தேன். அங்கேதான் இந்த நோயை ஸ்லைடில் மட்டுமில்லாமல் மனிதர்களிடமும் பார்த்தேன்.

காலா அசாரைத் தமிழில் கருங்காய்ச்சல் என்று எழுதுவார்கள். மண் சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையிலும் வாழும் மணல் ஈ கடித்துப் பரவுகிறது. காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளும், கை கால் குச்சியாகும், ரத்தம் குறையும். சிகிச்சை இல்லாவிட்டால் அநேகமாக மரணம்தான். இந்தியாவில் இன்று பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களில்தான் முக்கியமாக இருக்கிறது. ஆனால் இதன் ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனோவானி என்று பெயர் வந்ததில் சென்னைக்குப் பங்கு உண்டு. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் நோயாளியின் மண்ணீரலிலிருந்து ஊசியில் எடுத்த துளியில் இதைப் பார்த்தார். அதே ஆண்டு இங்கிலாந்திலிருந்து வில்லியம் லீஷ்மேன் என்ற ராணுவ மருத்துவரும் இதைப் பற்றி எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

1992இல் இந்தியாவில் 77,000 பேருக்கு மேல் இந்த நோய் பதிவானது. அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. "அப்படியென்றால் இனி மருந்து எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் நோய் இன்னும் வேகமாகத்தான் இருக்கிறது. நம்மிடம் இருக்கும் மருந்துகளோ ஒவ்வொன்றாகக் கூர் மழுங்குபவை. அதனால்தான் வேண்டும்.

முதலில் மாத்திரையை எழுதுங்கள்

சேர்மத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். கடைசியில் நோயாளியின் கையில் போய்ச் சேர வேண்டிய மாத்திரை எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். மருந்து நிறுவனங்களிலும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். பெரிய அட்டவணையாகப் போடுவார்கள். நமக்கு அரைப் பக்கம் போதும்.

என் அரைப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு சுகாதாரப் பணியாளரோடு போயிருந்தேன். அங்கே 22 வயது இருக்கும் ஒரு பெண் மில்டெஃபோசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது 28 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மீதிக் கேப்ஸ்யூல்களை அரிசி டப்பாவுக்குள், துணியில் சுற்றி வைத்திருந்தார். கொழுந்தன் பிள்ளைக்கும் காய்ச்சலாம், அவனுக்குத் தேவைப்படுமே என்று. அந்தப் பட்டையை எடுத்து எங்களிடம் காட்டியபோது அவர் முகத்தில் தப்புச் செய்த பாவனை எதுவும் இல்லை. பத்திரப்படுத்தி வைத்த பொருளைக் காட்டும் பெருமைதான் இருந்தது. அடுத்து சுகாதாரப் பணியாளர் கேட்டார், "கர்ப்பம் இல்லையே?" அந்த மருந்து கருவுக்கு ஊனம் உண்டாக்கக்கூடும். சாப்பிடும் காலத்திலும், முடித்துப் பல மாதங்கள் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. கணவர் பஞ்சாபில் அறுவடை வேலைக்குப் போயிருந்தார், எப்போது வருவார் என்று தெரியாது.

அன்று இரவு எழுதியது இது: வாயால் சாப்பிடுவதாக இருக்க வேண்டும். காய்ச்சல் விடுவதற்குள் மருந்து முடிந்துவிட வேண்டும். பத்து நாளுக்குள், முடிந்தால் ஒரே நாளில். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்க முடிய வேண்டும். மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கெடக் கூடாது. அரசு வாங்கி இலவசமாகக் கொடுக்கிற விலையில் இருக்க வேண்டும்.

இப்போது கையிலிருக்கும் மருந்துகளை இதோடு வைத்துப் பாருங்கள். ஆண்டிமனி ஊசி ஏறக்குறைய ஒரு மாதம் தினமும் போட வேண்டும். பீகாரில் பாதிப் பேருக்கு மேல் அது வேலை செய்யாமல் போன இடங்கள் இருந்தன. பரோமோமைசின் 21 நாள் ஊசி. லைப்போசோமல் அம்போடெரிசின் பி, கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே வேளை, இந்தியாவில் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுபோக வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே ஒரு வேளை போதவில்லை. உங்கள் சேர்மம் இவற்றில் எந்தக் குறையைத் தீர்க்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பைப்பெட்டைத் தொடாதீர்கள்.

ஒட்டுண்ணியை அது வாழும் இடத்தில் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

லீஷ்மேனியாவுக்கு இரண்டு வடிவம். மணல் ஈயின் குடலில் நீளமாக, சாட்டை போன்ற வாலோடு நீந்தும் ப்ரோமாஸ்டிகோட். மனிதனுக்குள் உருண்டையாக, வெளியே வால் தெரியாமல், கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜுக்குள் உட்கார்ந்திருக்கும் அமாஸ்டிகோட். முதலாவதை வளர்ப்பது சுலபம். 26 டிகிரி, மீடியம், கன்றுக்குட்டி சீரம், அவ்வளவுதான். நாலு நாளில் பிளாஸ்க் கலங்கிவிடும். மருந்தைப் போட்டு, 72 மணி நேரம் கழித்து, உயிருள்ள செல் நிறம் மாற்றும் சாயத்தைச் சேர்த்து நிறத்தைப் பார்த்தால் ஐ.சி. 50, அதாவது ஒட்டுண்ணியைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு, கையில். அதனால்தான் நிறையப் பேர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

நானும் நின்றேன். முதலில் சேர்ந்த ஆய்வகத்தில் 43 மூலிகைச் சாறுகளை ப்ரோமாஸ்டிகோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்பது நன்றாகக் கொன்றன. ஒரு வருடம் எட்டு மாதம் அந்த ஒன்பதோடு போனது. பிரித்தெடுத்தேன், சுத்தப்படுத்தினேன், கட்டுரை எழுதத் தொடங்கினேன். அப்புறம்தான் மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் அமாஸ்டிகோட்டில் போட்டோம். எட்டு ஒன்றுமே செய்யவில்லை. ஒன்பதாவது அமாஸ்டிகோட்டைக் கொன்றது, கூடவே மேக்ரோஃபேஜையும் கொன்றது. அதை அந்த ஆய்வகத்தில் யாரும் முதலிலேயே சொல்லித்தரவில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் புரிந்தால் மறக்காது. அமாஸ்டிகோட் இருக்கும் பை அமிலமானது, பி.எச். ஏறக்குறைய 5. வெப்பம் 37 டிகிரி. அது சாப்பிடுவது வேறு, வளரும் வேகம் வேறு. மருந்து அதைத் தொட வேண்டுமென்றால் மேக்ரோஃபேஜின் சவ்வு, பையின் சவ்வு, ஒட்டுண்ணியின் சவ்வு என்று மூன்று வாசல் தாண்ட வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா கேம்ப்பெல் மருத்துவமனையில், மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத ஒரு சின்ன அறையில் யூரியா ஸ்டிபமின் கண்டுபிடித்தார். லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றிய மருந்து. அது ஐந்து இணைதிறன் ஆண்டிமனி வகை. அந்த வகை மருந்து ப்ரோமாஸ்டிகோட்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மேக்ரோஃபேஜுக்குள் போய் மூன்று இணைதிறனாக மாறினால்தான் கொல்லும். நம் சுலபமான பிளேட்டில் போட்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டிருப்போம்.

யானைக்கால் மருந்தும் அப்படியே. நம் ஊரில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை 1947இல் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கண்ணாடித் தட்டில் புழுக்குஞ்சு மேல் டி.இ.சி.யை ஊற்றினால் அது பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். உடம்புக்குள் நோயெதிர்ப்புச் செல்களோடு சேர்ந்துதான் அந்த மருந்து வேலை செய்கிறது. புழு தொற்றிய பருத்தி எலியில் சோதித்ததால்தான் அது கண்ணில் பட்டது.

சரி, செய்முறைக்கு வருவோம். டி.எச்.பி.-1 என்ற மனித மோனோசைட் (ஒரு வகை வெள்ளணு) செல்களை பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் போட்டு மேக்ரோஃபேஜாக மாற்றி, 16 அறை சேம்பர் ஸ்லைடில் ஒட்ட விடுங்கள். நன்றாக முற்றிய, வளர்ச்சி நின்ற நிலையிலுள்ள ப்ரோமாஸ்டிகோட்டுகளை ஒரு செல்லுக்குப் பத்து என்ற கணக்கில் சேருங்கள். ஒரு நாள் விடுங்கள். வெளியே மிதப்பவற்றை மெதுவாக, வெதுவெதுப்பான மீடியத்தால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கழுவும்போது அவசரப்பட்டால் செல்லே உரிந்து போய்விடும். பைப்பெட் முனையைச் சுவரோரம் சாய்த்து விடுங்கள், நடுவில் பீய்ச்சாதீர்கள். அப்புறம் சேர்மம், முதல் சுற்றில் 10 மைக்ரோமோலார் செறிவில். 72 மணி நேரம் கழித்து மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம்.

எண்ணுவது எண்ணெய் லென்ஸில். ஒவ்வொரு அறையிலும் 100 மேக்ரோஃபேஜ், அதற்குள் எத்தனை அமாஸ்டிகோட். சரியாகச் சாயமேறிய ஸ்லைடில் ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் உருண்டையாக உட்கருவும், பக்கத்தில் கடுகை உடைத்த துண்டு போல அடர்த்தியான ஒரு சின்னக் கோடும் தெரியும். அதுதான் கைனெட்டோபிளாஸ்ட். உருண்டையும் கோடும் இரண்டும் தெரிந்தால்தான் அது அமாஸ்டிகோட். ஒன்று மட்டும் தெரிந்தால் அது சாயத் துகளாக இருக்கலாம், மேக்ரோஃபேஜ் விழுங்கிய குப்பையாக இருக்கலாம். எண்ணாதீர்கள்.

60 சேர்மம், மூன்று தடவை என்றால் 180 அறை. அறைக்கு 12 நிமிடம் வைத்தால் 36 மணி நேரம். இதை ஒரே ஆள் எண்ணக் கூடாது. எந்த அறையில் எந்த மருந்து என்று தெரியாமல் இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். படம் எடுத்துத் தானாக எண்ணும் இயந்திரம் இருந்தால் நல்லது. ஆனாலும் முதல் ஆறு மாதம் கண்ணால் எண்ணுங்கள். இயந்திரம் எங்கே தப்புகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

மூன்று விதிகளை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. மருந்து போடாத கன்ட்ரோலில் 100 மேக்ரோஃபேஜில் 80இலாவது ஒட்டுண்ணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பரிசோதனை முழுவதும் செல்லாது. ஒவ்வொரு முறையும் மில்டெஃபோசினைக் கூடவே போட்டு, அதன் ஐ.சி. 50ஐச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் குறிக்க வேண்டும். அது மூன்று மடங்கு நகர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். ஒட்டுண்ணியைப் பிளாஸ்க்கிலேயே மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டு போகக் கூடாது. அப்படி வளர்ந்தது தொற்றும் வீரியத்தை இழந்துவிடும். எனக்குப் பத்து பாஸேஜ், அதாவது பத்து முறை மாற்றுவதுதான் எல்லை. அதற்குப் பிறகு திரவ நைட்ரஜனிலிருந்து புதிய குப்பி.

கொன்றது போலத் தெரிவது

10 மைக்ரோமோலாரில் தேறியவற்றை மூன்று மூன்று மடங்காக நீர்க்க வைத்து ஐ.சி. 50 எடுங்கள். அதே அளவுகளை ஒட்டுண்ணி இல்லாத டி.எச்.பி.-1 செல்லிலும் போட்டுப் பாருங்கள். செல்லைப் பாதிக்கும் அளவு, ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவைவிடப் பத்து மடங்காவது அதிகமாக இருக்க வேண்டும். மேக்ரோஃபேஜ் சாகும்போது உள்ளே இருப்பதும் சாகும். அது மருந்து இல்லை, வெறும் விஷம்.

சேர்மத்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. கடைசியில் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரம் கழித்து ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஊசி ஊசியாகவோ பஞ்சு போலவோ படிந்திருந்தால் சேர்மம் கரையவே இல்லை, நீங்கள் எழுதும் செறிவு பொய்.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குர்குமின் எந்தப் பரிசோதனையில் போட்டாலும் ஏதோ செய்வது போலத் தெரியும். தானே நிறமுள்ளது, தானே ஒளிரும், நடுநிலை நீர்மத்தில் சில நிமிடங்களிலேயே உடைய ஆரம்பிக்கும், கண்ட புரதத்தோடும் ஒட்டும். வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். இதே குணமுள்ள மூலக்கூறுகள் தாவரச் சாறுகளில் நிறைய உண்டு. தாவரத்திலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவே இல்லை. நிறம் மாறுவதை வைத்து அளக்கும் சோதனையில், செல்லே இல்லாத குழியில் சாறை மட்டும் ஊற்றி ஒரு கன்ட்ரோல் வையுங்கள். உயிருள்ள செல் மட்டுமே ஊதாவாக்க வேண்டிய எம்.டி.டி. சாயத்தைச் சில சாறுகள் தாங்களே ஊதாவாக்கிவிடும்.

தேறிய சேர்மத்தை மறுபடி புதிதாகச் செய்து வாங்கி, தூய்மையைச் சரிபார்த்து, முதலிலிருந்து போடுங்கள். பழைய குப்பியில் வேலை செய்தது புதிய குப்பியில் செய்யாமல் போவதை நான்கு முறை பார்த்திருக்கிறேன். வேலை செய்தது அசுத்தம்.

எலிக்கு முன், எலிக்குப் பின்

எலியிடம் போகும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். அதற்கு முன் மூன்று சின்னச் சோதனைகள்: நீரில் எவ்வளவு கரைகிறது, மருந்தை உடைக்கும் நொதிகள் கொண்ட கல்லீரல் மைக்ரோசோமில் அரை மணி நேரம் வைத்தால் எவ்வளவு மிஞ்சுகிறது, பிளாஸ்மா புரதத்தில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது. அரை மணியில் காணாமல் போகும் சேர்மத்தை எலிக்குக் கொடுப்பது விலங்குகளை வீணாகக் கொல்வது. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவும் இதைத்தான் கேட்கும், கேட்க வேண்டும்.

முதலில் பால்ப்-சி இனச் சுண்டெலி. தொற்றி ஒரு வாரம் கழித்து, ஐந்து நாள், வாய் வழியாக. கல்லீரலை ஸ்லைடில் ஒற்றி எடுத்து எண்ணி, உறுப்பின் எடையோடு சேர்த்து லீஷ்மேன்-டோனோவன் யூனிட்டாகக் கணக்கிடுவார்கள். சுண்டெலியின் கல்லீரல் நாளடைவில் தானாகவே ஒட்டுண்ணியை அடக்கிவிடும் என்பதால், அடுத்து ஹாம்ஸ்டர். அதில்தான் நோய் மனிதரில் போலவே முற்றி உயிரை எடுக்கும்.

சேர்மம் எங்கிருந்து வரும்? பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் அலசுகின்றன. நோவார்ட்டிஸ் ஆய்வகம் 30 லட்சம் சேர்மங்களை அலசியதிலிருந்து ஒட்டுண்ணி தன் பழைய புரதங்களை உடைக்கப் பயன்படுத்தும் புரோட்டியசோமைத் தடுக்கும் ஒரு வகை கிடைத்தது. 2016இல் வெளியானது. அந்தக் குடும்பத்தில் வந்த எல்.எக்ஸ்.இ.408 இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்படுகிறது. மலேரியா மருந்துகளுக்கான எம்.எம்.வி. அமைப்பு 400 சேர்மங்கள் கொண்ட பேத்தோஜன் பாக்ஸை உலகெங்கும் ஆய்வகங்களுக்கு இலவசமாகவே அனுப்பியது. முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஆனால் எனக்குப் பிடித்த வழி பழைய அலமாரி. மில்டெஃபோசின் புற்றுநோய்க்காகப் பிறந்தது, 2002இல் இந்தியாவில் காலா அசாருக்கு அனுமதி பெற்றது. பரோமோமைசின் பழைய ஆன்டிபயாடிக். இதில் பெரிய உதாரணம் காங்கோவின் தூக்க நோய், லீஷ்மேனியாவுக்கு உறவான ஒட்டுண்ணியால் வருவது. ஹோக்ஸ்ட் நிறுவனம் எப்போதோ கைவிட்ட ஃபெக்ஸினிடசோலை, 700க்கும் மேற்பட்ட நைட்ரோ சேர்மங்களைத் துழாவி, டி.என்.டி.ஐ. என்ற லாப நோக்கற்ற அமைப்பு மீட்டெடுத்தது. அது பாக்டீரியாவில் செய்யும் மரபணுச் சேதச் சோதனையில் தோற்கும். பாக்டீரியாவின் சொந்த நொதிதான் அதற்குக் காரணம், பாலூட்டிச் செல்லில் சேதம் இல்லை என்று காட்டிய பிறகே முன்னே போனார்கள். ஒரு 'பாசிட்டிவ்' வந்ததும் பயந்து மூடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்கு முன் அந்த நோய்க்கு மெலார்சோப்ரோல் இருந்தது. ஆர்சனிக் ஊசி, நரம்பில் ஏறும்போது எரியும், மருந்தாலேயே இருபதில் ஒருவர் இறந்தார்கள். பிறகு வந்த சிகிச்சையில் ஏழு நாளில் 14 முறை நரம்பில் ஏற்ற வேண்டும், கூடவே பத்து நாள் மாத்திரை. ஃபெக்ஸினிடசோலை 394 நோயாளிகள் பங்கேற்ற சோதனையில் அதோடு ஒப்பிட்டார்கள். 18 மாதம் கழித்து வெற்றி புதியதில் 91.2 சதவீதம், பழையதில் 97.6. எண்ணில் குறைவுதான். ஆனாலும் 2018 இறுதியில் காங்கோவில் அனுமதி கிடைத்தது. ஏனென்றால் அது பத்து நாள் மாத்திரை. படகிலும் மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோகலாம், ஊசி ஏற்ற ஆஸ்பத்திரி இல்லாத ஊரிலும் கொடுக்கலாம். நான் முதலில் தாளில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு சேர்மத்தில் எதை எடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் வரும். அப்போது ஐ.சி. 50ஐ மட்டும் பார்க்காமல் அந்தத் தாளையும் பாருங்கள்.

மனிதர்களிடம் சோதனை என்பது தனி உலகம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: காலா அசாரில் மருந்து முடிந்த அன்று குணமானால் போதாது, ஆறு மாதம் கழித்தும் நோய் திரும்பாமல் இருக்க வேண்டும். பீகாரில் மில்டெஃபோசின் தளர்ந்தது அந்த ஆறாம் மாதக் கணக்கில்தான் தெரிய வந்தது. ஆகவே பரிசோதனைத் தட்டிலும், மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு இன்னும் சில நாள் காத்திருந்து, ஒட்டுண்ணி மறுபடி தலையெடுக்கிறதா என்று பாருங்கள்.

அந்த மாணவிக்கு நான் சொன்னது: 60 சேர்மங்களையும் இப்போதைக்கு ஃபிரீஸரை விட்டு எடுக்காதே. மேக்ரோஃபேஜில் ஒட்டுண்ணியை ஏற்றி, மில்டெஃபோசின் மட்டும் போட்டு, மூன்று வாரத்தில் மூன்று முறை ஒரே எண் வருகிறதா பார். வராத முறையையும் நோட்டில் எழுது, தேதியோடு, எந்த பாஸேஜ் என்பதோடு. முதல் ஸ்லைடின் படம் நேற்று அனுப்பியிருந்தாள். சாயம் அழகாக ஏறியிருக்கிறது, கைனெட்டோபிளாஸ்ட் தெளிவாகத் தெரிகிறது. கன்ட்ரோலில் 100க்கு 62தான். சீரத்தை மாற்றி, புதிய குப்பியிலிருந்து மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறேன்.